முழுநேர மாணவி

எங்கள் குரு குகதாசனுக்குத் தாடியும் இல்லை, காவியும் இல்லை. கனடாவில் கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். சனிக்கிழமை காலையில் ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் எங்களுக்குச் சைவ சித்தாந்தம் சொல்லித்தருவார். கீழே மிளகாய் அரைத்தால் மேலே சித்தாந்தம் தும்மலோடுதான் நடக்கும்.

மார்ச் வந்துவிட்டால் சித்தாந்தத்துக்கு விடுமுறை. எங்கள் எல்லோருடைய வருமான வரிப் படிவங்களையும் ஐயா காசு வாங்காமல் நிரப்பிக் கொடுப்பார். நிபந்தனை ஒன்றுதான். கையெழுத்துப் போடுமுன் அவரவர் படிவத்தை அவரவரே எல்லோர் முன்னாலும் தமிழில் உரக்க வாசிக்கவேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்களுக்காகத் தொடங்கிய வழக்கம் அது. பிறகு ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறவர்களுக்கும் அதையே வைத்துவிட்டார்.

அதன் அருமை எனக்குத் தெரியும். போன வருடம் வீட்டு பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டு வந்த காசைக் காட்டாமல் விட்டிருந்தேன். பாதி வாசிக்கும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்த் திருத்திக்கொண்டு வந்தேன். ஐயா ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் தந்தார்.

இந்த வருடம் சிவபாதம் அண்ணர் வந்தார். வயது ஐம்பத்தேழு, குருவைவிட எட்டு வயது மூப்பு. ஆனாலும் எங்களில் அவரைப்போலப் பணிந்து உட்காருகிறவர் கிடையாது. கையில் ஏற்கனவே நிரப்பிய படிவம் இருந்தது. அவருடையது அல்ல, மகள் ஆரணியுடையது.

"ஐயா, ஒரு கேள்வி."

"கேளும்."

"பிள்ளை பிறந்த நாள் துவக்கம் அவவின்ர படிப்புக்கெண்டு கணக்குத் திறந்து காசு போட்டனான். அரசாங்கமும் தன்ர பங்கைப் போட்டது. போன வருசம் அதை எடுத்தனான். பிள்ளையின்ர பேரில வருமானமாக் காட்டினால் வரி சொற்பம். என்ர பேரில காட்டினால் வரி, அதுக்கு மேல இன்னொரு வரி. அரசாங்கத்தின்ர பங்கும் திரும்பிப் போயிடும். எல்லாம் என்ர வேர்வைக் காசு. ஆரின்ர பேரில காட்டினால்தான் என்ன, ஐயா?"

"பிள்ளை படிக்கிறாவோ?"

அண்ணர் பாயைப் பார்த்தார். "ஓம் ஐயா."

"படிக்கிற பிள்ளையெண்டால் அவவின்ர பேரிலதான் வரும், இல்லாட்டி உம்மட பேரில. அதுதான் சட்டம். பிறகேன் என்னைக் கேக்கிறீர்?"

அண்ணர் படிவத்தை ஐயாவின் முன்னால் வைத்தார்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஆரணிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது இதே மேல்மாடி மண்டபத்தில்தான் அவர் விருந்து வைத்தார். நான் இரண்டு தரம் பாயாசம் வாங்கினேன். அதற்குப் பிறகு ஆரணி இந்தப் பக்கம் வரவேயில்லை. கேட்டால், "படிப்புப் பாரம்" என்பார் அண்ணர். நாங்களும் தலையாட்டுவோம். நாங்கள் இப்படிக் கேட்பது பிடிக்காமல்தானோ என்னவோ, பிறகு அவரும் விழா, விசேசம் என்றால் தலைகாட்டுவதில்லை.

"சரி, வாசிக்கட்டும்," என்றார் ஐயா.

"நானே வாசிக்கிறன்."

"படிவம் ஆரின்ர?"

"பிள்ளையின்ர."

"பிள்ளை எங்க?"

"கீழ காருக்க இருக்கிறா. களைச்சுப்போனா, ஐயா. கையெழுத்தை நான் கொண்டுபோய் வாங்கிக்கொண்டு..."

"கூப்பிடும்."

ஆரணி வந்தாள். விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கும் பேக்கரி வேலையை முடித்துவிட்டு நேரே வந்த கோலம். கறுப்புச் சட்டையில் முழங்கைவரை மா. நெஞ்சில் பெயர் எழுதிய பட்டி. எங்களைப் பார்த்ததும் மாவைத் தட்டப் பார்த்தாள். அது இன்னும் பரவியது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன பிள்ளை, படிப்பு, சோதினையெல்லாம் எப்பிடி?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஐயா படிவத்தை அவளிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே வாசித்தாள். பெயர். பிறந்த திகதி. பேக்கரிச் சம்பளம். கல்விச் சேமிப்பிலிருந்து வந்த வருமானம். பிறகு, "முழுநேர மாணவியாக இருந்த மாதங்கள்" என்ற இடத்தில் நின்றாள். தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் அவளைப் பார்க்கவில்லை.

"எட்டு," என்று வாசித்தாள்.

அவள் குரல் நடுங்கவில்லை.

"எங்க ஐயா கையெழுத்துப் போடுறது?"

பேனை ஐயாவின் கையில் இருந்தது. அவர் அதைக் கொடுக்கவில்லை.

"பிள்ளை எத்தினை மாசம் போனனீங்கள்?"

"மூண்டு கிழமை, ஐயா. அதுவும் போன வருசம் இல்லை, அதுக்கு முதல் வருசம்."

மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய் சொன்னது நான் இல்லை, ஆனாலும் கூசியது.

"அப்ப ஏன் எட்டெண்டு வாசிச்சனீங்கள்?"

"அப்பா அப்பிடித்தான் எழுதியிருக்கிறார்."

"போடப்போறீங்களோ கையெழுத்து?"

"போடுறன். நான் படிப்பை விட்டதிலயிருந்து அப்பா ஒரு கலியாண வீட்டுக்கும் போறேல்ல. ஆரும் என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுறதெண்டு. கோயிலுக்கும் சனம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போறவர். எல்லாம் என்னால வந்தது. ஒரு கையெழுத்துத்தானே, ஐயா? பிடிபட்டாலும் என்ர பேர்தானே போகும். போகட்டும்."

கடைக்காரர் சில்லறை கேட்டால் எடுத்துக் கொடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அழுதிருந்தால் எங்களால் தாங்க முடிந்திருக்கும்.

ஐயா தலையைக் குனிந்தார். எதற்கும் அசையாத மனிதர் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்ளும் குரு, காது மடல்வரை சிவந்திருந்தார்.

"அண்டு விருந்தில இந்தப் பிள்ளையை இதில நிக்கவைச்சு அரை மணித்தியாலம் புகழ்ந்து பேசினவன் நான்," என்றார். "பிறகு ஒரு நாளாவது எங்க பிள்ளையெண்டு தேடிப் போனேனோ? இல்லை."

சிவபாதம் அண்ணர் மகளின் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பிடித்தார். பிடித்தாரே தவிர இழுக்கவில்லை. ஒரு நுனியில் அவள் கை, மறு நுனியில் அவர் கை.

"நீ இப்பிடி நினைச்சுக்கொண்டிருக்கிறாயெண்டு எனக்குத் தெரியாதம்மா."

"வேற எப்பிடியப்பா நினைக்கிறது?" என்றாள் ஆரணி. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அண்ணர் ஐயாவின் பக்கம் திரும்பினார். நிறைந்த கண்களைத் துடைக்கக்கூட இல்லை.

"ஐயா, சத்தியமாச் சொல்லுறன், காசு பெரிசில்லை. வரியைக் கட்டலாம், அரசாங்கத்தின்ர பங்கைத் திருப்பிக் குடுக்கலாம். இன்னும் ரெண்டு வருசம் ஓவர்டைம் செய்தால் சரி. ஆனால் என்ர பேரில காட்டினால், என்ர பிள்ளை படிக்கேல்லையெண்டு எழுத்தில வந்திடும். இதில எல்லாருக்கும் முன்னால நான் அதை வாசிக்கவேணும். ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன் நான். அந்த வெக்கத்தைத்தான் ஐயா என்னால தாங்கேலாமல் கிடக்கு."

ஐயா புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேனையை அதன்மேல் வைத்தார்.

"வெக்கம் ஆரின்ர?"

"என்ர, ஐயா."

"அப்ப அதை ஏன் பிள்ளையின்ர பேரில காட்டுறீர்?"