வெங்காயத் தோலில் ஒரு கோடு

பொற்கொடி லேப் குழாயடியில் ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்தாள்.

மொத்தம் நாற்பத்திரண்டு கண்ணாடித் துண்டுகள். ஒன்றுதான் அவளுடையது. மற்றதெல்லாம் வகுப்புப் பெண்கள் போட்டது போட்டபடி விட்டுப்போனவை. அவளை யாரும் கழுவச் சொல்லவில்லை. எச்சில் தட்டு மாதிரி ஒன்று எதிரில் கிடந்தால் அவள் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

சிவப்புச் சாயம் குழாய்த் தண்ணீரில் கரைந்து ஓடியது.

முதுகைத் திருப்பிக்கொண்டேதான் கேட்டாள். முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பேச்சு வராது.

"மேடம், எல்லாருக்கும் தெரியற கோடு எனக்கு மட்டும் ஏன் மேடம் தெரியல?"

மேசையில் உட்கார்ந்திருந்த லூர்துமேரி மேடம் தலை நிமிரவில்லை.

"யாருக்குத் தெரிஞ்சுதாம்?"

"எல்லாருக்கும்."

"கேட்டியா?"

"வரைஞ்சிருக்காங்களே மேடம்."

"ம்."

அதோடு சரி. மேடம் அப்படித்தான். இந்த ஜூன் மாதம்தான் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தார். வந்ததிலிருந்து அவர் பேசிய பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்கள் அவருக்கு வைத்த பேர் 'முத்துப் பெட்டி'. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாம்.

பொற்கொடி அடுத்த ஸ்லைடை எடுத்தாள்.

அவளுக்கு இருபத்துநாலு வயசு. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். ஆறு வருஷம் கழித்து, ரெண்டு வயசுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, முதல் வருஷ பயாலஜியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒரு வருஷம் படிச்சுப் பாரு. ஒரு பாடத்துல நின்னாலும் அத்தோட நிறுத்திக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குப் பயம்.

திங்கட்கிழமை பிராக்டிகல் பரீட்சை. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மேடம் கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்ற படமெல்லாம் முடிந்தது. வெங்காயத் தோல் ஒன்றுதான் பாக்கி.

இன்று வெள்ளி. கையெழுத்துக்குக் கடைசி நாள்.

அந்த லேப்பில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதற்குள்ளே பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்று, வெங்காயத் தோல் படம் இருக்கும் பக்கத்தில் விரித்தபடியே இருக்கும். மாடல் ரெக்கார்டு என்று அதற்குப் பேர். எப்போதோ கோல்டு மெடல் வாங்கின பெண் வரைந்ததாம்.

செங்கல் அடுக்கின மாதிரி செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பொட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மூலையிலிருந்து வளைந்து இறங்கும் மெல்லிய கோடு ஒன்று.

அதைப் பார்த்து ஒரு வருஷத்துப் பெண்கள் வரைந்தார்கள். அவர்கள் நோட்டை வாங்கி அடுத்த வருஷத்துப் பெண்கள் வரைந்தார்கள். வரைய வரையக் கோடு தடித்தது. ஒரு வருஷம் அதற்கு அம்புக்குறி முளைத்தது. இன்னொரு வருஷம் 'நார்' என்று பேர் வந்தது. சீனியர் நோட்டைக் கேட்டு வாங்கி வரைவது அந்தக் கல்லூரியில் யாருக்கும் தப்பாகவே தோன்றியதில்லை. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குகிற மாதிரி.

பொற்கொடிக்குக் கேட்கக் கூச்சம். அதனால் அவளிடம் எந்த நோட்டும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிந்ததோ அதை வரைந்தாள்.

இன்று வகுப்பு முடிந்து மணி அடித்ததும் பக்கத்து மேசை வினோதினி எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வயசு. வாய் ஓயாது.

"என்னக்கா, நார் எங்க?"

"எந்த நார்?"

"ஐயோ அக்கா! நார், செல்லுக்கு உறுதி தருகிறது. ரெண்டு மார்க்."

"எனக்குத் தெரியலையே வினோ."

"வெங்காயம் உரிச்சு உரிச்சுக் கண்ணு போச்சு போல."

நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட மனசில் இல்லை.

உனக்குத் தெரிஞ்சுதா என்று பொற்கொடி கேட்க நினைத்தாள். நினைத்ததோடு சரி.

"நாப்பத்தோரு பேருக்கு இருக்கு, உங்களுக்கு மட்டும் இல்லன்னா யாரு தப்பு? சீக்கிரம் போடுங்கக்கா. நான் பாத்துச் சொல்றேன். ம்... நல்லா அழுத்தி, இன்னும் கொஞ்சம் வளைங்க. ஹாங், இப்ப அழகா இருக்கு."

நோட்டெல்லாம் மேசைக்குப் போனது. மேடம் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்றிலும் கையெழுத்துப் போடவில்லை.

"பார்த்ததை வரைஞ்சவங்க இருந்து வாங்கிட்டுப் போங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. வரைஞ்சதைத்தானே வெச்சோம் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பொற்கொடி மட்டும் குழாயடிக்கு வந்தாள்.

கடைசி ஸ்லைடைத் துடைத்து வைத்தபோது முதுகுக்குப் பின்னால் மேடம் குரல் கேட்டது.

"சுத்தி வர்றப்போ உன் நோட்டைப் பார்த்தேன். அப்போ இந்தக் கோடு இல்லையே."

பொற்கொடி குழாயை மூடினாள். திரும்பினாள்.

"அப்புறமா வரைஞ்சேன் மேடம்."

"அப்புறமா பார்த்தியா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள்.

"அழிச்சிடட்டுமா மேடம்?"

"எதுக்கு?"

"இல்லாததை வரைஞ்சுட்டேன்."

"இல்லன்னு யார் சொன்னா?"

பொற்கொடிக்குத் தலை சுற்றியது. "அப்ப இருக்கா மேடம்?"

மேடம் மேசை மேல் இருந்த ஒரு வெங்காயத்தை விரலால் அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

வெங்காயம் உரிக்கிறதில் பொற்கொடியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உள்மடல் ஒன்றை மடக்கி உடைத்தாள். கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு நகத்தோடு வந்தது. சாயத்தில் நனைத்து, ஸ்லைடில் பரப்பி, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடினாள். மைக்ராஸ்கோப்பில் செருகிக் கண்ணை வைத்தாள்.

"மேடம், கறுப்பா விளிம்பு வெச்சு உருண்டையா ஒண்ணு இருக்கு."

"தட்டிப் பாரு."

பென்சில் நுனியால் மூடின கண்ணாடியைத் தட்டினாள். உருண்டை நழுவி ஓடிப்போனது.

"ஓடிருச்சு!"

"காத்து."

"காத்தா? காத்து கூடக் கண்ணுக்குத் தெரியுமா மேடம்?"

பக்கவாட்டுத் திருகைத் திருகினாள். கலங்கியிருந்தது தெளிந்தது.

சிவப்புச் சிவப்பாக அறைகள். ஒன்றை ஒட்டி ஒன்று, தெரு முழுக்க வீடு கட்டின மாதிரி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொட்டு. சில வீட்டில் நடுவில், சில வீட்டில் சுவரோரமாக. ஆள் இருக்கிற மாதிரியே இருந்தது.

ஆறு வருஷமாகத் தினம் ரெண்டு கை வெங்காயம் உரிக்கிறாள். இத்தனையும் அதற்குள்ளேதான் இருந்ததா?

"மேடம், இதையெல்லாம் நான் எண்ணெயில போட்டு வதக்கிட்டேனே!"

மேடத்தின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

பொற்கொடி நேரத்தை மறந்தாள். கையெழுத்தை மறந்தாள். ஒரு வரிசையை முடித்து அடுத்த வரிசைக்குப் போனாள். இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கண்ணைக் கிட்டே கொண்டுபோனாள். இன்னும் கிட்டே.

தூக்கிவாரிப் போட்டது.

"இருக்கு மேடம்! கோடு இருக்கு! வளைஞ்சு, மெல்லிசா, மூலையிலேருந்து... அப்படியே இருக்கு மேடம்!"

"ஸ்லைடை நகர்த்து."

நகர்த்தினாள். வீடுகளெல்லாம் வரிசையாக நகர்ந்து போயின. கோடு போகவில்லை.

"கோடு நகரல மேடம்."

"ஸ்லைடை எடுத்துடு."

கண்ணை எடுக்காமலே ஸ்லைடைத் தடவி உருவினாள். வெறும் வெளிச்சம். வட்டமாக, நிலா மாதிரி.

"வெங்காயமே இல்ல மேடம்." அவள் குரல் இறங்கியது. "கோடு மட்டும் நிக்குது."

வெளிச்சம் கூசியது. பொற்கொடி கண்ணைச் சிமிட்டினாள்.

கோடும் சிமிட்டியது.

மறுபடி சிமிட்டினாள். கோடு துடித்து நின்றது.

மெதுவாகத் தலையைத் தூக்கினாள். விரலைக் கொண்டுபோய்த் தன் இமை முடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வந்ததே சிரிப்பு! முந்தானையை வாயில் வைத்து அமுக்கியும் நிற்கவில்லை. அந்த லேப்பில் அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"உறுதி தருகிறதாம் மேடம்! ரெண்டு மார்க்காம்!"

சிரிப்பு அடங்கினதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"யாரு மேடம் இதை முதல்ல வரைஞ்சது?"

மேடம் எழுந்து போனார். அலமாரியைத் திறந்து மாடல் ரெக்கார்டை எடுத்தார். விரித்திருந்த பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

மங்கின நீல மையில் பேர் எழுதியிருந்தது. ஜெ. லூர்துமேரி, முதலாண்டு.

பொற்கொடி பேரைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள்.

"நீங்களா மேடம்?"

"மெடல் வேற குடுத்தாங்க."

அதற்குச் சிரிப்பதா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு எப்ப மேடம் தெரிஞ்சுது?"

"கோடு இமை முடின்னு, வேலைக்குப் போன முதல் வருஷமே தெரிஞ்சுது. அதை ஊரே வரையுதுன்னு ஜூன்லதான் தெரிஞ்சுது. உள்ள வர்றேன், மேசை நிறைய சீனியர் பொண்ணுங்க நோட்டு. ஒவ்வொண்ணுலயும் என் முடி."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

மேடம் பையைத் துழாவி ரப்பரை எடுத்து வைத்தார்.

பொற்கொடி தன் கோட்டை அழித்தாள். வினோதினி நன்றாக அழுத்தி வரையச் சொல்லியிருந்தாள். பென்சில் போனது, தடம் போகவில்லை. சாய்த்துப் பிடித்தால் வெள்ளைத்தாளில் பள்ளமாகத் தெரிந்தது.

மேடம் நோட்டை வாங்கினார். பேனா மூடியைக் கழற்றினார். படத்தை ஒருமுறை பார்த்தார். படத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு தேதி எழுதினார்.

பொற்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. திங்கட்கிழமை வாசலில் யாரும் அவளை நிறுத்த முடியாது.

நோட்டை வாங்கிக்கொண்டு ரெண்டு அடி வைத்தாள். நின்றாள்.

"மேடம், மத்தவங்க படிக்கட்டுல உக்காந்திருக்காங்க. இன்னைக்கு விட்டா அவங்களுக்கும் இல்ல. நான் போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொல்லேன்."

"சொன்னா உடனே அழிச்சுடுவாங்க மேடம்."

"எதைப் பார்த்து?"

பொற்கொடி பதிலைச் சொல்லுமுன் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள். அதன் கீழே ஸ்லைடு இல்லை, வெளிச்சம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"மேடம், அவங்க என்னோட நோட்டைத்தான்..."

"பொற்கொடியக்கா!" வாசலில் வினோதினி. அவள் தோளுக்குப் பின்னால் பத்துத் தலை. "ஜன்னல் வழியா பாத்துட்டோம், நீங்க அழிச்சதும் சைன் ஆயிடுச்சுல்ல? நோட்டை எடுத்துட்டு வெளிய வாங்கக்கா! எந்த இடத்துல அழிக்கணும்னு மட்டும் காட்டுங்க, ரப்பரோட நிக்கிறோம்!"