திருஷ்டிப் பூசணி ஏறிய லிஃப்ட்

கோயமுத்தூரில் லிஃப்ட் செய்யும் கம்பெனி முதலாளி திருவேங்கடம். லிஃப்டை இயக்கும் தன் மென்பொருளில் தப்பு என்று யாராவது சொன்னால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். புது லிஃப்டுக்குப் பூஜை போட்ட அன்று, அந்த மென்பொருளைச் சோதிக்கும் தற்காலிக டெஸ்டர் செண்பகவடிவு ஒரு தாளோடு வந்து, அதில் தப்பு இருக்கிறது என்றாள்.

“ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாச்சு. நீ ஓட்டாமலே படம் போட்டுத் தப்பு கண்டுபிடிச்சியாக்கும்?” என்று சீறினார் திருவேங்கடம்.

“கதவு, மோட்டார், அலாரம்னு மூணையும் தனித்தனியா வரைஞ்சேன் சார். அப்புறம் எது எதைக் கேட்டு நடக்குதுன்னு கோடு போட்டு இணைச்சேன். ஒரு கோடு மட்டும் இல்லை. அலாரம் அணைஞ்சதும் மோட்டார் கதவைக் கேக்காமலே கிளம்பிடும்.”

“இப்பவே காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!” லிஃப்டுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று கத்தினார்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க சார்.” உடைக்க வைத்திருந்த திருஷ்டிப் பூசணியைத் தூக்கி, அவர் நின்ற இடத்திலேயே, லிஃப்ட் விளிம்பில் பாதி வெளியே நீட்டும்படி வைத்தாள். வெளியே இருந்த சோதனைப் பலகையில் ஐந்தாம் மாடியை அமுக்கினாள். அலாரத்தைப் போட்டு அணைத்தாள்.

கதவு திறந்தபடியே லிஃப்ட் விருட்டென்று ஏறியது. வாசலின் மேல் சட்டத்தில் மாட்டிய பூசணி நொறுங்கி முதலாளியின் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது.

திருவேங்கடம் குனிந்து தன் காலையே பார்த்தார்.

“திருஷ்டி கழிஞ்சுது சார்” என்றாள் செண்பகவடிவு. “தப்பு அப்படியேதான் இருக்கு.”