ஜெயசீலனின் மேஜை

மதுரையில் காமிக்ஸ் ரசிகர்கள் மாநாடு. பழைய புத்தகங்களை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் மண்டபம் முழுக்க மேஜை போட்டிருந்தார்கள். போன மாதம் இறந்துபோன கணவன் ஜெயசீலனின் சேகரிப்போடு எஸ்தர் வந்து நின்றாள். வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும்; போகிற இடத்தில் புத்தகம் வைக்க இடமில்லை.

சங்கத் தலைவர் குலசேகரன் பட்டியலைப் பார்த்தார். "ஜெயசீலன் பேருக்கு மேஜை இருக்கும்மா. ஆனா உறுப்பினர் நேர்ல வந்தாத்தான் தருவோம். விதின்னா விதிதான்."

"செத்தவரை எப்படிங்க கூட்டிட்டு வர்றது?"

"அது உங்க பாடு."

தலைவரின் மேஜையில், கண்ணாடிப் பெட்டிக்குள், 'விற்பனைக்கல்ல' என்ற சீட்டோடு ஒரு புத்தகம் இருந்தது. எஸ்தர் அதையே பார்த்தாள்.

"அவரு எனக்கு முன்னாடியே வந்துட்டாருங்க. உங்க மேஜையிலதான் இருக்காரு. அந்தப் புத்தகத்தைத் திறங்க."

கூடியிருந்தவர்களும் திறக்கச் சொன்னார்கள். முதல் பக்கத்தில் ஊதா மையில் ஜெயசீலனின் கையெழுத்து. படித்துவிட்டுத் தருகிறேன் என்று தலைவர் வாங்கிப்போய் நாலு வருஷமாகிறது. அவர் புத்தகத்தை எஸ்தரிடம் கொடுத்து, தன் மேஜையிலேயே பாதியை ஒதுக்கினார்.

மாலைக்குள் எல்லாம் விற்றுப்போயின, அந்தப் புத்தகமும்தான்.

"அடுத்த வருஷமும் வருவீங்களாக்கா?" என்றார் ஒரு ரசிகர்.

"இனிமே எதைக் கொண்டுட்டு வர்றது தம்பி?" என்றாள் எஸ்தர்.