மந்திரியின் எருத்தாழி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், எத்தனை காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், புன்னைக்கோட்டையைச் செண்டலங்கார ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர்தான், மூக்கு ஒன்றைத் தவிர. பெருங்காயம் தூக்கலாகிவிட்டது என்று ஒரு சமையல்காரரை நாடு கடத்தியவர். துர்நாற்றம் என்று வந்துவிட்டால் அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது.

அவருடைய மந்திரி அம்பலவாணர் சும்மா இருந்திருக்கலாம். கோட்டைக்குப் பின்னால் மலையாகக் குவிந்த குப்பையைப் பார்த்து, "வீட்டுக்கு வீடு ஒரு தாழி வைப்போம் மகாராஜா. காய்கறித் தோல், வாடின பூ எல்லாம் எருவாகிவிடும்" என்று சொல்லித் தொலைத்தார். சொன்னதோடு நிற்காமல் அரண்மனைச் சுவரை ஒட்டிய தன் கொல்லையிலேயே இடுப்பளவு தாழி ஒன்றை வைத்தார். பக்கமெல்லாம் துளை போட்டு, ஒரு கூடை தோலுக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு என்று அடுக்கி, கம்பால் குத்திக் காற்றுக் காட்டிவந்தார்.

பொக்கிஷதார் மருதப்பருக்கு வயிறு எரிந்தது. ராஜா இன்னொருவரைப் பாராட்டினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "அரண்மனைச் சுவரை ஒட்டி அழுகல் குப்பை வளர்கிறது மகாராஜா" என்று சபையிலேயே ஊதிவிட்டார்.

ராஜா மூக்கைத் தடவிக்கொண்டார். "ஆடி வெள்ளியன்று தாழியை இங்கே கொண்டுவாரும், அம்பலவாணரே. நானே முகர்ந்து பார்க்கிறேன். மண்வாசம் வந்தால் ஊரெல்லாம் தாழி. நாறினால் உம் தலை."

சொல்லிவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து மந்திரிக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. தாழிக்குள் தலையை விடுவதும் மனைவி விசாலத்தைக் கூப்பிடுவதுமாக இருந்தார்.

"நாறுதா, பார்."

"தாழி நாறலை. குளிக்காம நீங்கதான் நாறுறீங்க" என்றாள் அவள். அவளுக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

ஆடி வெள்ளி விடிந்தது. மூடியைத் திறந்த மந்திரி அப்படியே பின்னால் சாய்ந்தார். குடலைப் பிரட்டும் நாற்றம். மேலே மீன்தலைகள், புளித்த மோர், அதன்மேல் தண்ணீர். துளைகளையெல்லாம் யாரோ களிமண்ணால் அடைத்திருந்தார்கள். "நம்ம வீட்டிலே மீனே கிடையாதே" என்று விசாலம் அழுதாள். அள்ளிப்போட நேரமில்லை. காவலர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

சபையில் மூடி திறந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். வாளோடு ஒருவன் தூணருகே தயாராக நின்றான். செத்தோம் என்றே மந்திரி நினைத்தார். அப்போது மருதப்பர் முகம் கண்ணில் பட்டது. மற்றவர்கள் முகம் சுளித்திருக்க, மூக்கை மூடிய பட்டுத்துணிக்கு மேலே அவர் கண் மட்டும் சிரித்தது.

"என்ன இது?" என்றார் ராஜா, மெதுவாக. அவர் மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து.

"மகாராஜா, என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒருவருக்குப் பரிசு தர வேண்டும்" என்றார் மந்திரி. குரல் நடுங்கியது நடிப்பில்லை. "மீன் சேர்ந்த எருவுக்கு ராணியம்மாவின் மல்லிகை கொத்துக் கொத்தாகப் பூக்கும். மீனைத் தொடாத எனக்கு அது தோன்றவில்லை. போட்ட புண்ணியவான் தோட்டக்கார மாடனாகத்தான் இருப்பான். தங்கள் முத்துமாலையை அவனுக்கே போடுங்கள்."

ராஜா யோசித்தார். மாலையைக் கழற்றியே விட்டார்.

மருதப்பரால் தாங்க முடியவில்லை. "மாடனாவது மண்ணாங்கட்டியாவது. போட்டது நான், மகாராஜா" என்று முன்னால் வந்தார்.

"மந்திரி கொல்லைக்குள் போயா?" என்றார் ராஜா.

"ஆமாம். நேற்று ராத்திரி. மல்லிகைக்காகத்தான்."

"காற்றுத் துளையைக் களிமண்ணால் அடைத்ததும் மல்லிகைக்காகத்தானா?" என்று கேட்டார் மந்திரி.

முன்னால் வந்த மருதப்பர் பின்னால் நகர்ந்தார்.

"அடிப்பக்கம் உடைக்கச் சொல்லுங்கள், மகாராஜா. அங்கேதான் என் எரு இருக்கிறது" என்றார் மந்திரி. உடைத்தார்கள். கறுத்துப் பொலபொலவென்று கொட்டியது. ராஜா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "புதுமழை வாசம்" என்றார். மாலை மந்திரி கழுத்தில் விழுந்தது, மருதப்பர் ராஜா காலில் விழுந்தார்.

"உம் தலையை இப்போது எடுக்கவில்லை. நீர் கெடுத்ததை நீரே சரிசெய்யும். மந்திரி சொல்லித் தரட்டும். கார்த்திகையில் வந்து முகர்வேன்" என்றார் ராஜா. எழுந்து போனவர் திரும்பினார். "நாறினால் இரண்டு தலை."

மந்திரியின் கழுத்தில் முத்துக்கள் ஜில்லிட்டன.

மறுநாள் கொல்லையில் புதுத் தாழி. மருதப்பர் அழுகலோடு சருகைப் போட்டுக் கிளறினார், கண்ணீர் வழிய.

"போதுமா, மந்திரியாரே?"

"இன்னும் போடும்."

"இன்னுமா?"

"போடும் ஓய். எனக்கும் இருப்பது ஒரு தலைதான்."

கார்த்திகையில் ராஜா முகர்ந்தார், சிரித்தார், ஊரெல்லாம் தாழி வந்தது. ஊர் ஜனங்கள் சந்தோஷமாகத் தோலைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு பேருக்கு மட்டும், எந்த வீட்டுத் தாழி மூடியைத் திறந்தாலும், கடைசிவரை கை முதலில் கழுத்தைத்தான் தொட்டுப் பார்த்தது.