மூன்று சிங்காரம்

சொர்ணவல்லியின் கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

பெண்ணைப் பெற்றவர் காத்தமுத்து. நெல் வியாபாரி. சம்பந்தி திருஞானம் சங்கீதப் பைத்தியம். நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்றார். ஒன்றே ஒன்று சொன்னார்.

"முகூர்த்தத்துக்கு வேட்டமங்கலம் சிங்காரம் வாசிக்கணும். அவரை நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்பேன். வேற ஆளா இருந்தா, பையனைக் கூட்டிக்கிட்டு வந்த வழியே போயிடுவேன்."

சீரே கேட்டிருக்கலாம்.

காத்தமுத்து தன் மைத்துனன் மருதையிடம் விஷயத்தை ஒப்படைத்தார். "சிங்காரத்துக்கு ஒரு கார்டு போடு. தவறாம வந்து சேரணும்" என்றார். தவறக்கூடாதே என்று மருதை நாலு இடத்தில் விசாரித்து, ஜில்லாவில் சிங்காரம் என்று பெயருள்ள நாதஸ்வரக்காரர்கள் எல்லாருக்கும் கார்டு போட்டார். மூன்று பேர். மூன்று பேரும் தவறாமல் வந்து சேர்ந்தார்கள்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குத்தான் காத்தமுத்துவுக்கு இது தெரிந்தது. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. மருதையையும் இளைய மைத்துனன் அய்யாக்கண்ணுவையும் இழுத்துக்கொண்டு கேசட் கடை அருணகிரியிடம் ஓடினார்.

"ஊரைக் கேட்காதீங்க" என்றார் அருணகிரி. "மூணு பேருமே வேட்டமங்கலம்னுதான் சொல்வாங்க. இந்தாங்க, வேட்டமங்கலத்தார் கேசட். முதல்ல இதைக் கேளுங்க. அப்புறம் கண்ணைக் கட்டிக்கிட்டு, காதைக் கொடுத்து, கேட்டுக் கண்டுபிடிங்க. ஆளைப் பார்க்கக்கூடாது, வாசிப்பைப் பார்க்கணும். அவ்வளவுதான்."

கேசட் அட்டையில் நாதஸ்வரத்தின் படம் இருந்தது. ஆள் படம் இல்லை. காத்தமுத்து கேசட்டைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மருதை கேட்டார். பிறகு அய்யாக்கண்ணு.

"அமைதியான வாசிப்பு" என்றார் மருதை.

"அலட்டலே இல்லை" என்றார் அய்யாக்கண்ணு.

மண்டபத்துக்கு வந்து மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். கட்டிய கையோடு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது மறந்துபோயிற்று. நின்றது சமையல்கட்டைப் பார்த்து.

"முதல் ஆள் ஆரம்பிக்கலாம்" என்றார் காத்தமுத்து.

சத்தம் வந்தது. மூவரும் தலையாட்டினார்கள்.

"சுருதி அசையவே இல்லை பார்த்தீங்களா மச்சான்!"

"மூச்சு விடாம வாசிக்கிறாரே!"

"மாவு பதமா வந்துடுச்சு, நிறுத்தவா?" என்று சமையல்காரர் கேட்டார்.

கிரைண்டரைத் தள்ளிவிட்டு மூவரும் மேடைப் பக்கம் திரும்பினார்கள். இப்போது மருதைக்கு ஒரு சந்தேகம்.

"மச்சான், வாசிப்பைப் பார்க்கணும்னாரே. கண்ணைக் கட்டிக்கிட்டு எப்படிப் பார்க்கிறது?"

"அவிழ்த்துடலாமா?"

"அவிழ்த்தா ஆள் தெரிவாரே."

மூவரும் யோசித்தார்கள். மணி எட்டேகால்.

"கண்ணைக் கட்டணும்னுதானே சொன்னார்?" என்றார் அய்யாக்கண்ணு. "யார் கண்ணைன்னு சொல்லலையே."

காத்தமுத்து அவரைத் தழுவிக்கொண்டார். துண்டுகள் கைமாறின. சிங்காரங்கள் மூவர் கண்ணையும் அய்யாக்கண்ணுவே கட்டினார். அவர் நெல் மூட்டை கட்டுகிறவர். அவர் போட்ட முடிச்சை அரிவாள்தான் அவிழ்க்கும். வித்வான்கள் குனிந்து தலையைக் கொடுத்தார்கள். இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் சிங்காரம் வாசித்தார். மருதை போய் நாதஸ்வரத்தின் வாயில் காதைக் கொடுத்தார். நன்றாகவே கொடுத்தார், உள்ளே போகிற மட்டும். பாதியில் காதை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எப்படி?" என்றார் காத்தமுத்து.

"சாப்பிட்டாச்சு" என்றார் மருதை. அன்று முழுக்க அவர் அப்படித்தான் பதில் சொன்னார்.

மணி ஒன்பது. காத்தமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. வாசலில் பந்தி இலை போட்டாகிவிட்டது. உள்ளே சொர்ணவல்லி கூறைப்புடவை கட்டியாகிவிட்டது. இன்னும் சிங்காரம் ஆகவில்லை.

"கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னாரில்ல?" என்றார் அய்யாக்கண்ணு. "நாம இன்னும் கேட்கவே இல்லையே!"

காத்தமுத்து தலையில் அடித்துக்கொண்டார். நேராக முதல் சிங்காரத்திடம் போனார்.

"ஐயா, நீங்க யாரு?"

சிங்காரம் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களைத்தான். யாரு நீங்க?"

அவர் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்தார். "சிங்காரம்" என்றார்.

"இப்ப வாசிப்பு நின்னுபோச்சே" என்றார் அய்யாக்கண்ணு. "வாசிக்கும்போதுல்ல கேட்டுக் கண்டுபிடிக்கணும்?"

"வாசிங்க" என்றார் காத்தமுத்து. வாசித்தார். "யாரு நீங்க?" என்றார் காத்தமுத்து.

இப்படி ஆறு தடவை. இரண்டாவது ஆளிடம் எட்டு தடவை. அவரும் சிங்காரம்தான். மூன்றாமவர் நல்ல உருக்கமான இடத்தில் இருந்தார். காத்தமுத்து அவர் விலாவில் குத்திக் குத்திக் கேட்டார்.

"யோவ்! என்னைப் பெத்தவங்களே இத்தனை தடவை என் பேரைக் கேட்டதில்லைய்யா!" என்று அவர் எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். முடிச்சு அவிழவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கட்டிய கண்ணோடு படியிறங்கி, நடுரோட்டில் போய் நின்றார்கள். ஊர் எந்தப் பக்கம் என்று அங்கே மூவருக்கும் தகராறு.

மணி ஒன்பதரை. திருஞானம் பந்தலில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மேடையில் தவில்காரர்கள் மட்டும் இருந்தார்கள். காத்தமுத்து மகள் முகத்தைப் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

"கெட்டிமேளம்!" என்றார் ஐயர்.

தவில் முழங்கியது. கூடவே வாசலிலிருந்து எழுந்தது ஒரு நாதம். நீளமாக எழுந்து, வளைந்து, குழைந்து, இறங்கி, மறுபடி ஏறியது. நிற்கவே இல்லை.

மூடிய கண்ணிலிருந்து திருஞானத்துக்குத் தாரை தாரையாகக் கண்ணீர்.

"அவரேதான்! இந்தக் குழைவு வேற எவனுக்கு வரும்? கட்டுடா தாலியை!"

மாப்பிள்ளை கட்டினான்.

"சம்பந்தி, இந்தச் சால்வையை அவருக்குப் போட்டுட்டு வாங்க. நான் கண்ணைத் திறக்கமாட்டேன். காதிலேயே நிக்குது" என்றார் திருஞானம்.

காத்தமுத்து வாசலுக்கு ஓடினார். ரோட்டில் மூன்று சிங்காரமும் இன்னும் தகராறில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பஸ், போக வழியில்லாமல் பாட்டு ஹாரனை அடித்துக்கொண்டே நின்றது. காத்தமுத்து டிரைவர் ஜன்னலில் எக்கி, இந்தத் தடவை ஊரையே கேட்டார்.

"ஐயா, வேட்டமங்கலமா?"

"ஆமாமா, வேட்டமங்கலம்தான். போர்டு தெரியலை? சீக்கிரம் ஏறு."

காத்தமுத்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட எட்டவில்லை. ஜன்னல் வழியாகவே சால்வையைப் போர்த்தினார். பெயர் லூர்துசாமி.