கும்பிடு பிடி

வாய் உண்டு, பல் கிடையாது. கொடுத்ததை விழுங்கும், மெல்லாது. திருப்பிக் கேட்டால் அப்படியே கொடுத்துவிடும். அது என்ன?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். அதைப் பார்த்துத்தான் செவந்திக்குக் கை நடுங்கியது.

செவந்தி ஒரு மலை அணில். செம்பழுப்பு முதுகும், உடம்பைவிட நீளமான வாலும் உள்ளவள். மலைக்காட்டில், ஓடையின் நடுத்திட்டில் நின்ற பெரிய நாவல் மரத்தில் கூடு கட்டியிருந்தாள். அந்தக் கூட்டில் அவளும் அவள் மகள் பொட்டுவும் இருந்தார்கள்.

காட்டுக்கு மேலே, மலையின் தலையில், மனிதர்களின் கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. அங்கிருந்து வெள்ளைப் பந்துகள் அடிக்கடி காட்டுக்குள் வந்து விழும். மனிதர்கள் வேலி வரை வந்து எட்டிப் பார்ப்பார்கள். பிறகு பையிலிருந்து வேறு பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படித்தான் விலங்குகளுக்கு இந்த ஆட்டம் வந்தது. மரங்களுக்கு நடுவே பந்தை ஓங்கி அடிக்க முடியாது. ஆகவே அவை ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டன. தரையில் ஒரு குழி. பத்தடி தள்ளி ஒரு பந்து. வளைந்த கொய்யாக் கோலால் ஒரே ஒரு தட்டு. விழுந்தால் ஒரு புள்ளி.

ஆம், விடுகதைக்கு விடை அந்தக் குழிதான்.

நாவல் மரம் நடுத்திட்டில் நின்றதால், கிழக்குக் கரையும் அதைக் கேட்டது. மேற்குக் கரையும் கேட்டது. சண்டை போட்டுச் சலித்துப்போய், ஆட்டத்தால் தீர்த்துக்கொள்வது என்று இரு கரையும் ஒப்புக்கொண்டன. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால் ஆட்டம். கரைக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு தட்டு. ஜெயித்த கரைக்கு அந்த ஆண்டு முழுவதும் மரம். தோற்ற கரையைச் சேர்ந்தவர் யாரும் மரத்தில் காலே வைக்கக்கூடாது. சமமாக முடிந்தால், அதுவரை வைத்திருந்தவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளாக மரம் கிழக்குக் கரையிடம் இருந்தது. செவந்தி கிழக்குக் கரைக்காரி.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. மரத்தை வைத்திருக்கும் கரையில், மரத்தில் யார் குடியிருக்கிறாரோ அவர்தான் கடைசித் தட்டு தட்ட வேண்டும். தோற்றால் யாருக்கு அதிகம் வலிக்குமோ, அவர் கையிலேயே முடிவு இருக்கட்டும் என்று வைத்தது. போன ஆண்டு வரை அங்கே ஒரு தேவாங்கு குடியிருந்தது. அது வேறு காட்டுக்குப் போய்விட்டது. இந்த ஆண்டு அந்தத் தட்டு செவந்தியின் தலையில் விழுந்தது.

கிழக்குக் கரையின் தலைவன் சடையன் என்ற கருமந்தி. அவன் செவந்தியைக் கூப்பிட்டு, கோலைக் கையில் கொடுத்தான்.

"வலது கை கீழே. இடது கை மேலே. இடது கட்டைவிரல் வானத்தைப் பார்த்து விறைப்பா நிக்கணும். எங்க தாத்தா மைதானத்து வேலியில உட்கார்ந்து, கண்ணால பார்த்துட்டு வந்த பிடி இது. ரெண்டு கரையிலயும் இப்படித்தான் பிடிக்கிறாங்க."

"சடையண்ணே, எனக்குக் கட்டைவிரலே இல்லையே," என்றாள் செவந்தி.

உண்மைதான். அணிலின் முன்கையில் நான்கு விரல்கள்தான் நீளம். கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அவ்வளவுதான்.

சடையன் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப அந்தக் குமிழையாவது நீட்டு," என்றான்.

செவந்தி குமிழை நீட்டினாள். கோல் கைக்குள் சுழன்றது. பந்து பக்கவாட்டில் ஓடி ஓடையில் விழுந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி ஓடை. பத்தாவது தட்டுக்குள் அவள் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. குழியைப் பார்த்தாலே நடுங்கியது.

"பழகு, பழகு. எல்லாம் பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டுச் சடையன் போனான்.

அன்று மாலை செவந்தி கிளையில் பின்னங்கால்களால் தொங்கியபடி ஒரு நாவல் பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். மலை அணில்கள் அப்படித்தான் தின்னும். தலைகீழாகத் தொங்கும், வால் ஒரு பக்கம் ஆடும், பழம் மட்டும் அசையாது. தின்றுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி, ஒரே மட்டத்தில், நடுவில் பழத்தை வைத்திருந்தன.

"பொட்டு, இங்க பாரு. அம்மா கை நடுங்குதா?"

"இல்லையே," என்றாள் பொட்டு. "எனக்கும் ஒண்ணு குடு."

மறுநாள் காலை செவந்தி மைதானத்து வேலியோரம் இருந்த கற்பூர மரத்தில் ஏறி உட்கார்ந்தாள். பொழுது உச்சிக்கு வரும்வரை அங்கேயே இருந்தாள். பதினொரு பேர் வந்து குழியில் பந்து தட்டினார்கள். ஒரு பெண் இடது கையைக் கீழே வைத்துத் தட்டினாள். ஒருவர் கோலை வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே கத்தரிக்கோல்போல இடுக்கிக்கொண்டார். ஒரு கிழவர் நெஞ்சு உயரக் கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தட்டினார். பதினொரு பேரில் ஒருவர்கூடக் கட்டைவிரலை வானத்தைப் பார்த்து நீட்டவில்லை.

செவந்தி இறங்கி நேராகக் குழிக்கு வந்தாள். கோலைப் பழத்தைப்போலப் பிடித்தாள். உள்ளங்கைக்கு எதிரே உள்ளங்கை, இரண்டும் ஒரே மட்டம்.

முதல் இருபது தட்டில் ஒன்றுதான் விழுந்தது. ஆனால் கோல் சுழலவில்லை. இரண்டாம் நாள் பத்துக்கு நான்கு விழுந்தது. நான்காம் நாள் பத்துக்கு ஏழு.

மேற்குக் கரையின் சிறந்த ஆட்டக்காரன் காத்தான் என்ற கரடி. அவன் தண்ணீர் குடிக்க வந்த சாக்கில் எதிர்க்கரையில் உட்கார்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன தங்கச்சி, பந்தைக் கும்பிடுறியா? வரம் குடுக்குதா?"

"குடுக்கலேன்னா இன்னொரு தடவை கும்பிடுவேன், காத்தாண்ணே."

அன்றைக்கே இரண்டு கரையிலும் அதற்குப் பெயர் வந்துவிட்டது. கும்பிடு பிடி. மந்திக் குட்டிகள் செவந்தியைக் கண்டால் இரு கையும் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, "குழியம்மா, வாயைத் திற," என்று பாடின.

செய்தி சடையனுக்குப் போனது. அவன் சிரிக்கவில்லை. மரத்தடிக்கே வந்துவிட்டான்.

"செவந்தி, நான் நல்லதுக்குச் சொல்றேன். வழக்கப்படி பிடிச்சுத் தோத்தா, ஒருத்தரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க. விதியாப் போச்சுன்னு விட்டுடுவாங்க. இப்படிக் கோமாளித்தனமாப் பிடிச்சுத் தோத்தா, இந்தக் கரையில உன்கூட யாரும் பேச மாட்டாங்க."

"தோத்தா கூடு போறது எனக்குத்தானே அண்ணே?"

"ஆமா."

"ஒருத்தரும் குறை சொல்லலேங்கிறதைக் குடையாப் பிடிச்சா, மழை நனைக்காம விட்டுடுமா?"

சடையன் வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆட்ட நாள் வந்தது. மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது. நடுவராக முள்ளி என்ற முள்ளம்பன்றி குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் எந்தக் கரையையும் சேர்ந்தவள் அல்ல. மைதானத்து வேலிக்குக் கீழே வளை தோண்டி வாழ்பவள்.

நான்கு சுற்று முடிந்தபோது கிழக்குக்கு மூன்று புள்ளி, மேற்குக்கு இரண்டு. ஐந்தாவது சுற்றில் காத்தான் வந்தான். கட்டைவிரலை வானத்துக்கு நீட்டினான். தட்டினான். பந்து குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

மூன்றுக்கு மூன்று. இனி ஒரே ஒரு தட்டுதான் மிச்சம். விழுந்தால் மரம் இருக்கும். விழாவிட்டால் சமம், மரம் கை மாறும், இன்றைக்கே செவந்தி கூட்டைக் காலி செய்ய வேண்டும்.

செவந்தி கோலை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்தாள்.

"நில்லுங்க," என்று சடையன் முன்னால் வந்தான். தன் கரைக்காரியை அவனே தடுத்தான். "முள்ளியக்கா, இந்தப் பிடி செல்லாதுன்னு சொல்லுங்க. அவ ஒழுங்காப் பிடிக்கட்டும். எங்க கரை மானம் போகுது."

மேற்குக் கரையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "நமக்கு வேலையே வைக்க மாட்டான் போல," என்றான் காத்தான்.

முள்ளி முட்களை ஒருமுறை சிலிர்த்து அடக்கினாள். "பந்தைக் கோலால தட்டணும். எறியக் கூடாது. காலால தள்ளக் கூடாது. விதி அவ்வளவுதான். கையைப் பத்தி ஒண்ணும் இல்லை."

"எங்க தாத்தா கண்ணால பார்த்த பிடி அக்கா!"

"உங்க தாத்தா பார்த்த ஆளை நானும் பார்த்தேன்," என்றாள் முள்ளி. "வேலிக்குக் கீழ கிழங்கு தோண்டிக்கிட்டிருந்தேன். அவர் கட்டைவிரல்ல பெரிய துணிக் கட்டு. கார்க் கதவுல நசுங்கிடுச்சாம். மடக்க முடியாமத்தான் நீட்டி வச்சிருந்தார். தட்டுக்குத் தட்டு ஐயோ ஐயோன்னு முனகினார்."

இரண்டு கரையிலும் எல்லோரும் மெதுவாகக் குனிந்து தங்கள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்றான் சடையன்.

"யாரு கேட்டீங்க? எனக்குக் குழியைப் பார்க்கிற வேலை. கையைப் பார்க்கிற வேலை இல்லை."

"எதுவா இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே," என்றான் சடையன். இம்முறை குரல் தணிந்திருந்தது. "செவந்தி, கேளு. இந்த ஒரு தடவை."

"மாட்டேன்," என்றாள் செவந்தி. "தள்ளி நில்லுங்க அண்ணே. உங்க நிழல் பந்து மேல விழுது."

சடையன் தள்ளி நின்றான்.

செவந்தி பந்தின் முன்னால் நின்றாள். மரத்தின் உச்சியிலிருந்து பொட்டு தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவந்திக்குக் கால் நடுங்கியது. வால் நுனி நடுங்கியது. கை நடுங்கவில்லை.

தட்டினாள்.

பந்து ஓடைப் பக்கச் சரிவில் கொஞ்சம் இறங்கியது. ஒரு சருகின் மேல் ஏறி வேகம் குறைந்தது. குழியின் வாயருகே வந்து, நிற்பதா விழுவதா என்று தெரியாததுபோல ஒரு கணம் நின்றது. பிறகு விழுந்தது.

"கிழக்குக்கு நாலு. மரம் கிழக்குக்கு," என்றாள் முள்ளி. முதல் மழைத்துளி அவள் முள்மேல் விழுந்து உடைந்தது.

காத்தான் வந்து செவந்தியின் எதிரே நின்றான். "வரம் குடுத்திடுச்சு தங்கச்சி," என்று சொல்லிவிட்டுத் தன் கரைக்குப் போனான்.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை.

மழை விட்ட மறுநாள், சடையன் பாறைமேல் ஏறி நின்றான். "எல்லாரும் கேளுங்க. இனிமே கிழக்குக் கரையில கும்பிடு பிடிதான் வழக்கம். வேற யாரும் வேற மாதிரிப் பிடிக்கக் கூடாது."

மந்திகள் வரிசையில் நின்று கோலைக் கும்பிட்டன. அவற்றின் கட்டைவிரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பந்துகள் வரிசையாக ஓடையில் விழுந்தன. முதல் பந்து சடையனுடையது.

செவந்தி மரத்திலிருந்து இறங்கி வந்து அவன் கையிலிருந்த கோலைப் பிடுங்கினாள்.

"அண்ணே, உங்களுக்குத்தான் கட்டைவிரல் இருக்கே. அதை எதுக்கு ஒளிச்சு வைக்கிறீங்க?"

"ஜெயிச்ச பிடி ஆச்சே."

"ஜெயிச்சது என் கைக்கு. உங்க தாத்தா ஒருத்தரைப் பார்த்து வழக்கம் பண்ணினார். நீங்க என்னைப் பார்த்துப் பண்றீங்க. என் விரல்லயும் கட்டு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கக் கூடாதா?"

மந்திகளில் சில சிரித்துவிட்டன. சடையன் அவற்றை முறைத்தான். பிறகு மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். "பொட்டு, நீ வா. நீயாவது உங்க அம்மா மாதிரிப் பிடிச்சுக் காட்டு."

பொட்டு இறங்கி வந்தாள். செவந்தி கோலை அவள் முன்னால் தரையில் வைத்தாள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

தன் கைக்கு எது பொருந்தும் என்பதை அவரவர் தன் கையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வழக்கமோ, பக்கத்தில் இருப்பவரின் வெற்றியோ அதைச் சொல்லிவிட முடியாது.

பொட்டு கோலை இடது கையால் மட்டும் பிடித்தாள்.