வாயில் வெற்றிலை, கையில் எழுத்தாணி

செம்பியூர் அரசவையில் பாதி மீசையோடு நடமாடிய ஒரே பெரிய மனிதர் கூத்தபிரான். அரசரின் ஓலைகளைத் தூது கொண்டுபோவது அவர் வேலை. மீசையின் மறுபாதி மாந்துறை நாட்டில் போயிற்று.

இளவரசியின் திருமணத்துக்கு மாந்துறை மன்னரை அழைக்க ஓலை எழுதினார்கள். அமைச்சர் பெருந்தேவனார் ஒரு படியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தினார். அதே வேளையில் தளபதி வல்லபராயர் இன்னொரு படியைத் திருத்தினார். இருவரையும் பகைத்துக்கொள்ளப் பயந்த எழுத்தர், இரண்டையும் பயபக்தியோடு சேர்த்து எழுதிவிட்டார்: ‘திருமணத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். எல்லையைத் தாண்டினால் தலை உருளும்.’

மாந்துறையில், ஓலை கொண்டுபோன கூத்தபிரானின் மீசையில் பாதியை மழித்து, அடுத்த முறை தலை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது மன்னிப்பு ஓலை எழுதியாக வேண்டும். மன்னர் வீரகேசரி சொன்னார்: “இருவர் யோசனையும் வேண்டும். ஒருவரும் நெடுநேரம் காத்திருக்கக் கூடாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கெடுக்கவும் கூடாது. வழி சொல்லும், கூத்தபிரானே. கொண்டுபோகப் போவதும் நீர்தானே?”

“அந்த ஞாபகம் நன்றாகவே இருக்கிறது, மன்னா.”

ஒரே ஓலை, ஒரே எழுத்தாணி, எல்லாம் சபையிலேயே என்றார் கூத்தபிரான். பெருந்தேவனார் எழுத்தாணியை முந்திக்கொண்டு எடுத்தார். உச்சிப்பொழுது வரை யோசித்தார். ஓர் எழுத்தும் விழவில்லை.

“நீர் யோசித்து முடிப்பதற்குள் இளவரசிக்குப் பேரன் பிறந்துவிடுவான்!” என்று வல்லபராயர் கத்தினார்.

கூத்தபிரான் தாம்பூலத் தட்டை வரவழைத்தார். “எழுத்தாணியை எடுப்பவர் வாயில் தாம்பூலம் போட்டுக்கொள்ள வேண்டும். வாயில் இருக்கும்வரை எழுதலாம். துப்ப வெளியே போனால் எழுத்தாணி அடுத்தவருக்கு. அவர் முதலில் இருப்பதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.”

அற்புதமாக வேலை செய்தது. வாய் நிறைய வெற்றிலையோடு சண்டை போடவும் முடியாதே! மாறி மாறி எழுதினார்கள். மாலைக்குள் தேனாக ஓர் ஓலை உருவாயிற்று. கூத்தபிரானுக்குக் கழுத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

அப்போது மன்னருக்கு ஆசை வந்துவிட்டது. “நானும் இரண்டு வரி சேர்க்கிறேன்.”

தாம்பூலத்தைப் போட்டுக்கொண்டு எழுத்தாணியை எடுத்தார். அவர் பக்கத்தில் தங்கப் படிக்கம் இருந்தது. இருந்த இடத்திலேயே துப்பினார், அடுத்த தாம்பூலம் போட்டார், எழுதினார். புது ஏடு ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். கூத்தபிரான் எட்டிப் பார்த்தார். மன்னரின் பாட்டனார் மாந்துறைக் கோட்டையைக் கொளுத்திய வரலாறு விரிவாக நடந்துகொண்டிருந்தது.

கூத்தபிரான் படிக்கத்தைத் தூக்கினார். “கழுவிக் கொண்டுவரச் சொல்கிறேன், மன்னா.”

மன்னர், “ம்ம்! ம்ம்ம்!” என்றார். கன்னங்கள் உப்பின. சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் எழுத்தாணியைப் போட்டுவிட்டு நந்தவனத்துக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது கூத்தபிரான் வாயில் தாம்பூலம், கையில் எழுத்தாணி. பாட்டனார் இருந்த ஏட்டைக் காணவில்லை.

“நான் எழுதியது எங்கே?”

பேச முடியாது என்பதுபோல், கூத்தபிரான் பணிவோடு தன் வாயைக் காட்டினார். துப்ப வேண்டும் என்று சைகை செய்தார். கும்பிட்டுவிட்டு, மிச்ச ஓலையோடு வெளியே போனார். சற்று நேரத்தில் குதிரைக் குளம்படி கேட்டது.

மன்னர் மாந்துறைச் சாலையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “தலையோடு திரும்பி வந்தால் அந்தப் படிக்கத்தை அவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுங்கள். அது என் பக்கத்தில் இருந்தால் நாட்டுக்கு ஆபத்து!”